ரக்பி கிளப்புக்கு சீசன் டிக்கெட் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் எங்கள் குடும்பம் பல வருடங்களாக ஆதரித்துவந்த ரக்பி கிளப் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. சீசன் டிக்கெட்டுக்குக் கட்டியது, மகளின் கோடைப் பயிற்சி முகாமுக்குக் கட்டியது, பிறந்தநாளுக்கு யாரோ அன்பாகக் கொடுத்த கிளப் கடைக் கூப்பன், எல்லாம் போயிற்று. விவகாரம் இன்னும் திவால் நிர்வாகியின் கையில் இருப்பதால் கிளப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கச் சொல்லி உங்கள் கிளப்பிலிருந்தும் இப்போது மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கும்.

எங்களுக்கு வந்தது வசந்த காலத்தில். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி, பழைய இருக்கை பத்திரம், அதோடு "இந்த நேரத்தில்தான் கிளப்புக்கு நீங்கள் தேவை" என்று ஒரு வரி. வரி பாக்கி இருப்பதாக அப்போதே பேச்சு அடிபட்டது. ரசிகர் கூட்டத்தில் நேருக்கு நேர் கேட்டோம், முதலீட்டாளர்களோடு பேச்சு நல்லபடியாகப் போகிறது, விரைவில் அறிவிப்பு வரும் என்றார்கள். வசந்தத்தில் சொன்ன அதே பதிலைத்தான் ஆகஸ்டிலும் சொன்னார்கள். இடையில் சம்பளம் தாமதம், அப்புறம் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. கடைசி ஆட்டத்தன்றுகூட கடையில் புது ஜெர்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்ற பெண்ணுக்கே அந்த மாதச் சம்பளம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இதில்தான் ஆத்திரம் அடங்கவில்லை. கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்களிடம் பணம் வாங்கிப் போட்டவர்களுக்கும் கொடுத்த எங்களுக்கும் எதுவும் தெரியாது.

சீசன் டிக்கெட் என்பது நாம் கிளப்புக்குக் கொடுக்கும் கடன், அதுவும் அடமானம் எதுவும் இல்லாத கடன். கம்பெனி அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனால், அதாவது கடனை அடைக்க முடியாமல் திவால் நிர்வாகியின் கைக்குப் போனால், பணம் எந்த வரிசையில் பிரியும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மைதானத்தின் மீதோ நிலத்தின் மீதோ அடமானம் வைத்திருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார், நிர்வாகியின் கட்டணம் போகும், ஊழியர்களின் சம்பள பாக்கியில் ஒரு வரம்புவரை போகும். 2020 டிசம்பர் 1 முதல் வரித்துறையும், அதாவது ஹெச்எம்ஆர்சியும், வாட், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி போன்ற பாக்கிகளுக்கு நமக்கு முன்னால் வந்து நிற்கிறது. இந்த கிளப்புகள் பெரும்பாலும் விழுவதே வரி பாக்கியில்தான் என்பதால், சல்லிக்காசு மிஞ்சினாலும் அது நம் வரிசைவரை வருவது அபூர்வம்.

உங்கள் அணி நன்றாக ஆடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்களுக்கு: லண்டன் ஐரிஷ் 2022–23 பிரீமியர்ஷிப்பில், அதாவது இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில், ஐந்தாம் இடத்தில் முடித்த அணி. சீசன் முடிந்த சில வாரங்களில், 2023 ஜூன் 6 அன்று, இங்கிலாந்து ரக்பியை நிர்வகிக்கும் அமைப்பான ஆர்எஃப்யூ அதை லீக்கிலிருந்து நிறுத்திவைத்தது. ஜெர்சி ரெட்ஸ் அதே சீசனில் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்றது, செப்டம்பர் கடைசியில் கடையை மூடியது. வோஸ்டர் வாரியர்ஸ் 2022 செப்டம்பர் 24 அன்று சிக்ஸ்வேஸ் மைதானத்தில் நியூகாசிலை 39–5 என்று அடித்து நொறுக்கியது, இரண்டே நாளில் அட்மினிஸ்ட்ரேஷன். புள்ளிப் பட்டியலைப் பார்த்து கிளப்பின் பணநிலையை யூகிக்கவே முடியாது. 2022–23 சீசன் தொடங்கும்போது 13 அணிகள் இருந்த பிரீமியர்ஷிப், அடுத்த சீசனில் 10 அணிகளோடு தொடங்கியது.

வாஸ்ப்ஸ் கதை இதைவிட வேதனையானது. 1867-இல் தொடங்கிய கிளப், ஆறு முறை இங்கிலாந்து சாம்பியன், 2004-லும் 2007-லும் ஐரோப்பியக் கோப்பை. லண்டன் பக்கத்து ரசிகர்களை விட்டுவிட்டு 2014-இல் கோவென்ட்ரிக்குப் போனார்கள், 2015-இல் 6.5 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி 3.5 கோடி பவுண்டுக்குப் பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வாங்கியவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள், சேமிப்பை எடுத்துப் போட்டார்கள். 2022 மே மாதம் அசலைத் திருப்பித் தர வேண்டியது, தரவில்லை. அக்டோபர் 17 அன்று அட்மினிஸ்ட்ரேஷன், வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேருக்கு வேலை போயிற்று. பத்திரத்துக்குப் பாதுகாப்பாகக் காட்டப்பட்ட அரங்கம் பிறகு சுமார் 1.7 கோடி பவுண்டுக்குத்தான் விலைபோனது. இதுபோன்ற பத்திரம் வங்கி டெபாசிட் அல்ல, வங்கி விழுந்தால் ஈடு தரும் அரசுத் திட்டம் இதற்கு வராது. எந்த கிளப் "ரசிகர் பத்திரம்" என்று வந்தாலும், தயவுசெய்து ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைக்காதீர்கள்.

கொரோனா வந்து கெடுத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே இந்த லீக்கில் பெரும்பாலான கிளப்புகள் வருடாவருடம் நஷ்டத்தில், ஒரு பணக்கார உரிமையாளரின் கைச்செலவில்தான் ஓடின. 2018 டிசம்பரில் பிரீமியர்ஷிப்பின் 27 சதவீதத்தை 20 கோடி பவுண்டுக்கும் மேலான தொகைக்கு சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள், அந்தப் பணமும் பெரிய மாற்றம் எதையும் செய்யாமல் கரைந்தது. நாடாளுமன்றக் குழு 2023 ஜனவரியில் ஆர்எஃப்யூவையும் லீக் நிர்வாகத்தையும் கடுமையாகச் சாடியது. சாடட்டும், ஆனால் அதனால் ஒரு ரசிகருக்கும் ஒரு பவுண்டுகூடத் திரும்பி வரவில்லை.

ரசிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் மனதில் அதிகம் உறுத்துவது அதுதான். முதல் சந்தேகம் எழுந்தபோது கேள்வி கேட்டவர்களை நம் ஆட்களே "நீயெல்லாம் உண்மையான ரசிகனா" என்று வாயடைத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் அதே ஆட்கள் உண்டியல் குலுக்கி, சம்பளம் வராத சமையல்கட்டு ஊழியர்களுக்கும் மைதானப் பராமரிப்பாளர்களுக்கும் மளிகை வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் தந்தை காலத்திலிருந்து அதே இருக்கையில் உட்காரும் ஒரு பெரியவர், வேறு எந்த அணியின் ஆட்டத்துக்கும் போகமாட்டேன் என்று இன்றுவரை சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறார். எதிரணி ரசிகர்கள் எங்களைத் தங்கள் மைதானத்துக்கு அழைத்தார்கள், போனோம், அழுதோம். இவ்வளவு பாசம் இருக்கிற இடத்தில்தான் "உங்கள் ஆதரவு தேவை" என்ற வரி வேலை செய்கிறது, அதை எழுதியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்புறம் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது கிளப்புக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு பெரிய சண்டை வந்தது. துரோகம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் வருடத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் கிளப்போடு சேர்ந்து பொறுப்பு. வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்குப் பதிலாக அது வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். சம்பள வரிசையில் நிற்கும் ஊழியர் யாருக்கும் அதனால் ஒரு காசும் குறையாது.

அந்தப் பிரிவு 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுவரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ பொருந்தும். விலைதான் கணக்கு. முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டி மீதியை வேறு வழியில் கட்டியிருந்தாலும் முழுத் தொகையைக் கேட்கலாம். ஆனால் இடையில் ஒரு டிக்கெட் ஏஜென்சியோ வேறு பணப்பரிமாற்றச் சேவையோ புகுந்துவிட்டால் சிக்கலாகலாம், அதனால் நேரடியாக கிளப்புக்கே கட்டுங்கள். டெபிட் கார்டு என்றால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் முறை, உண்டு, அது சட்ட உரிமை கிடையாது, கார்டு நிறுவனங்களின் விதி, காலக்கெடுவும் இருக்கிறது. எனவே செய்தி வந்த அன்றே வங்கிக்குப் பேசுங்கள். தவணையில் வாங்கியவர்கள் பாடுதான் கொடுமை. கிளப் போன பிறகும் மாதாமாதம் கடன் நிறுவனத்துக்குக் கட்டச் சொல்கிறார்கள். 75ஆம் பிரிவு அங்கும் பொருந்தலாம், வட்டியில்லாத குறுகிய காலத் தவணைக்குப் பொருந்தாமலும் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் எழுத்தில் கேளுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் செய்யக்கூடியதும் உண்டு. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் கணக்கையும் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கு தாமதமாகியிருக்கிறதா, புதிதாக அடமானம் பதிவாகியிருக்கிறதா, இயக்குநர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகுகிறார்களா, தணிக்கையாளர் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்று சந்தேகம் தெரிவித்திருக்கிறாரா, இவற்றைப் பாருங்கள். கம்பெனியைக் கலைக்கச் சொல்லும் மனுக்கள் அரசிதழான கெஜட்டில் வரும். முக்கியமாக, ரசீதில் இருக்கும் கம்பெனிப் பெயரும் மைதானத்தின் சொந்தக்காரரும் ஒன்றா என்று பாருங்கள். வோஸ்டரில் வீரர்கள், ஊழியர்களின் ஒப்பந்தங்கள் தனியாக ஒரு கம்பெனியில் இருந்தன. அந்தக் கம்பெனியை உயர் நீதிமன்றம் 2022 அக்டோபர் 5 அன்று கலைத்ததும் எல்லா ஒப்பந்தங்களும் ஒரே நாளில் முடிந்தன. ஜெர்சியில் ஒரே ஒரு சின்னம்தான் இருக்கும், அதன் பின்னால் எத்தனை கம்பெனி இருக்கிறது என்று யாரும் வந்து நமக்குச் சொல்வதில்லை.

ஏற்கெனவே பணம் போனவர்களுக்கு: திவால் நிர்வாகி அனுப்பும் கடன் நிரூபணப் படிவத்தை, எதுவும் வராது என்று தூக்கிப் போடாதீர்கள். அதை நிரப்புவதற்குக் கட்டணம் கிடையாது. பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்னால் கொஞ்சம் கட்டுங்கள் என்று அழைப்பவர்கள் திருடர்கள், எங்கள் கூட்டத்திலேயே சிலருக்கு அப்படி அழைப்பு வந்தது. படிவத்தில் சீசன் டிக்கெட்டோடு நிறுத்தாமல் பார்க்கிங் பாஸ், பயிற்சி முகாம், கடைக் கூப்பன், வராமலே போன ஜெர்சி என்று எல்லாவற்றையும் எழுதி ரசீது, வங்கி அறிக்கை இரண்டின் நகலையும் இணையுங்கள். வங்கியிடமிருந்து ஏற்கெனவே திரும்பப் பெற்ற தொகையைக் கழித்துவிடுங்கள். அனுப்பியதன் நகல் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.