37 வருஷம் மிதித்த கருப்பு மெஷின்: வாங்கலாமா வேண்டாமா?

பழைய கால்மிதி தையல் மெஷின் வாங்கலாமா, இல்லை மோட்டார் வைத்த புதுசே வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தையல்காரன் இல்லை. 1987ல் அம்மா சீட்டுப் பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிப் போட்ட மெஷினுக்குப் பக்கத்திலேயே படித்து, சாப்பிட்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன், அவ்வளவுதான் என் தகுதி. அம்மா போன வருஷம் தவறிவிட்டாள். மெஷின் இப்போது என் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அம்மா தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே அந்தத் தங்க எழுத்து எப்போதோ போய்விட்டது. அது பெரிய விஷயமும் இல்லை. இந்தக் கருப்புத் தலை மெஷின்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், லூதியானாவிலிருந்து வரும் பாபின் கேஸும் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) அதைப் பிடிக்கும் ஷட்டிலும் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். 37 வருஷத்தில் உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று மெஷின் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை.

நல்லது முதலில். தலை முழுக்க வார்ப்பு இரும்பு, பத்துக் கிலோவுக்குக் குறையாது, அதனால் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் ஆடாது. நேர் தையல் ஒன்றுதான் வரும், ஆனால் அது அச்சடித்த மாதிரி வரும். மெல்லிய காட்டனுக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, கனமானதற்கு 18 என்று ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டால் குழந்தை ஞானஸ்நானத்துக்கான வெள்ளைக் கவுனிலிருந்து பாடகர் குழு அங்கி வரைக்கும் எல்லாமே இதில்தான். எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு அம்மா இரண்டு தடவை அங்கி தைத்துக் கொடுத்திருக்கிறாள், கூலி வாங்காமல். கேட்டால் "குரல் சரியில்லாதவ வேற என்ன குடுக்க" என்பாள். உண்மையிலேயே அம்மாவுக்குப் பாட வராது, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லோரும் கீர்த்தனை பாடும்போது இவள் உதடு மட்டும் அசையும்.

குமரி மாவட்டத்தில் ஊசிக்கும் நூலுக்கும் கோயிலுக்கும் (எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்) உள்ள உறவு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்த லேஸ் கடல் தாண்டி விலைபோனது. அதே காலத்தில்தான் மார்பை மறைத்துக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்காக, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்களைச் சந்தையில் வைத்து அடித்து, துணியைக் கிழித்தார்கள். 1859ல் திருவிதாங்கூர் மகாராஜா அறிவிப்புப் போடும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது எந்தப் பெண்ணாவது "கழுத்து இறக்கம் கூடிப்போச்சு, கை நீளம் கொறஞ்சுபோச்சு" என்று ரொம்ப அலட்டினால் அம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். சில வாடிக்கையாளர்கள் இதற்குப் பயந்தே வேறு டெய்லரிடம் போனார்கள் என்பது என் சந்தேகம்.

இனி குறைகள். பெரிய தலைவலி தோல் பெல்ட். மழைக்காலத்தில் தொய்ந்துபோய் சக்கரத்தில் வழுக்கும், கழற்றி, கொஞ்சம் வெட்டி, கொக்கி மாட்டி மறுபடி போட வேண்டும். எங்கள் ஊரில் மழை வருஷத்துக்கு இரண்டு பருவம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது எண்ணெய். மெஷின் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோனது என்று நான் உதவி செய்கிற நினைப்பில் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டேன், ஆறாம் வகுப்பு. ஒரு வாரத்தில் பிசின் மாதிரி இறுகி, சக்கரம் அசையவே மாட்டேன் என்றது. ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் வேறு. அம்மா அடிக்கவில்லை. மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கையில் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டையாக என்னையே கழுவ வைத்தாள், சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போதும் என் கையில் மண்ணெண்ணெய் நாறியது.

மோட்டார் போடலாமா? போட்டோம். முழங்கால் வலி என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும் நான் முதல் சம்பளத்தில் ஒரு கடையில் சொல்லி மோட்டார் மாட்டிவிட்டேன். அந்தக் கடைக்காரர் பொருத்திய லட்சணத்தில் மோட்டார் கோணலாக நின்று பெல்ட்டைத் தின்றது, வேகமும் கைக்கு அடங்கவில்லை, கழுத்து வளைவு தைக்கும்போது துணி ஓடிப்போய்விடும். மூன்று மாதத்தில் அம்மா அதைக் கழற்றி ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். என் மனசு நோகக்கூடாது என்று நான் ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டி வைத்திருந்தாள் என்பது ரொம்ப நாள் கழித்துத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். மூட்டு வலி உள்ளவர்கள் கால்மிதியைத் தவிர்த்துவிடுங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அம்மாவின் முழங்கால் கடைசிவரை சரியாகவே இல்லை, கோயிலில் முழங்காலில் நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஜெபிப்பாள், அது அவளுக்குப் பெரிய குறை.

இந்த மெஷினுக்கு வாரத்தில் ஒருநாள் கட்டாய லீவு. சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு ஆனால் கால் நின்றுவிடும், தையல் பாதியில் இருந்தாலும் சரி. மூடியைப் போட்டு, மேலே வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் காலைக்கு எடுத்து வைப்பாள். கல்யாணத்தன்று காலையில் ரவிக்கை இறுக்கமாக இருக்கிறது என்று ஓடிவந்த பெண்ணுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை என்பதால் கையாலேயே இரண்டு குத்து போட்டு அனுப்பினாள். கைத்தையல் எப்படிக் கணக்கில் வராது என்று கேட்டேன், முறைத்தாள்.

ஒரே ஒரு ஞாயிறு ஓடியது. 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை, ஒக்கி புயல். மரமெல்லாம் சாய்ந்து, கரண்ட் கம்பமெல்லாம் விழுந்து, கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று தெரியாமல் மாவட்டமே கதறிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 ஞாயிறு, மைக் இல்லாமல் ஆராதனை முடிந்து வந்த அம்மா, சேலையைக்கூட மாற்றாமல் மெஷினை ஜன்னலோரம் இழுத்தாள். பக்கத்து வீட்டுக் கூரை பறந்துபோயிருந்தது. காலி சிமெண்ட் சாக்குகளைப் பிரித்து, 18ஆம் நம்பர் ஊசி போட்டு, ஒன்றோடு ஒன்று வைத்து இணைத்துக்கொண்டே போனாள். சக்கரத்தைக் கையாலும் தள்ளி, காலாலும் மிதித்து. மூன்று ஊசி உடைந்தது. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டே "அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா" என்றேன். "ஆடு குழியில விழுந்தா தூக்கமாட்டியாடே" என்றாள், தலையைத் தூக்காமல். ஓய்வுநாளைப் பற்றி இயேசு கேட்ட கேள்விதான் அது. இருட்டுவதற்குள் ஒரு அறை அளவுக்கு விரிப்பு தயார். அந்த டிசம்பரில் ஊரில் மோட்டார் மெஷின் வைத்திருந்தவர்களெல்லாம் கரண்டுக்காகக் காத்திருக்க, பாதி கிறிஸ்துமஸ் துணி அம்மாவிடம்தான் வந்து குவிந்தது.

அதனால் என் கணக்கு: உறுதிக்கு ஐந்துக்கு ஐந்து, செலவுக்கு ஐந்துக்கு ஐந்து, பெல்ட்டுக்கு ஒன்று, முழங்காலுக்குப் பூஜ்ஜியம். பழையது வாங்குவதென்றால் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது. ஒரு துண்டு துணியில் தைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். பெயிண்ட் உரிந்திருந்தால் விலையைக் குறைக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. ஜெர்சி, பனியன் மாதிரி இழுபடும் துணிதான் உங்கள் வேலை என்றால் இதை வாங்காதீர்கள், தையல் விட்டுவிட்டுப் போகும்.

போன வாரம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். தலையணை உறைதான், நாலு நேர்கோடு. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு சிக்கியது. பாபினைக் கழற்றினேன், மாட்டினேன், கேஸைத் துடைத்தேன், மறுபடியும் அதே சிக்கு. அப்புறம்தான் அம்மா தங்கச்சியைத் திட்டுவது ஞாபகம் வந்தது: "மேல நூல ஒழுங்கா கோக்காம கீழ நூலக் குத்தம் சொல்லாத மக்ளே." மேல் நூலை முழுக்க உருவிவிட்டு முதலிலிருந்து கோர்த்தேன், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்கு நடுவில் நூல் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சரியானது. இரண்டு பக்கம் தைத்து மூன்றாவது பக்கம் திரும்பும்போது மணியைப் பார்த்தேன், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம், சனிக்கிழமை. மூடியைப் போட்டுவிட்டேன். மீதி திங்கட்கிழமை.