6,000 மண்கல்லுக்கு 24 பை சீமெந்து

கிளிநொச்சிப் பக்கம் 'பசுமைக் கட்டடம்' என்று அலுவலகம் கட்ட வெளிக்கிடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு முற்பணம் கொடுங்கள். ஏ9 வீதியோரம் ஓர் அலுவலகத்துக்கு அழுத்திய மண்கல்லும் (மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து அழுத்திச் செய்வது) பழைய வீட்டு மரமும் எடுத்ததில் இரண்டிலும் ஏமாந்தாயிற்று. கொடுத்தவரின் பெயர் இங்கே வேண்டாம். செய்த சுத்துமாத்துத்தான் தெரியவேண்டும், அதை வேறு ஆட்களும் செய்வார்கள்.

முதலில் கல். பேசியது 290 × 140 × 90 மில்லிமீற்றர் அளவில் 6,000 கல், 8 வீதம் சீமெந்து. இந்த அளவுக் கல் காய்ந்தால் சுமார் 7 கிலோ நிற்கும். 8 வீதம் என்றால் ஒரு கல்லுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சீமெந்து போகும். 50 கிலோப் பை ஒன்றில் 95 கல் அளவில்தான் அரியலாம். 6,000 கல்லுக்கு 63 பை அளவில் வேண்டும். கல் அரிந்த கொட்டிலில் கிடந்த வெற்றுப் பைகள் 24. கணக்குப் பார்த்தால் 3 வீதம்கூட இல்லை. பையை எண்ணியதோ கல் முழுக்க இறக்கின பிறகு.

கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அரிந்த கல்லைச் சீமெந்துப் பாலில் ஒருதரம் தோய்த்து எடுத்திருந்தார்கள். வெளியே சாம்பல் நிறம், விரலால் தேய்த்தாலும் தூள் வராது. ஓர் இரவு வாளித் தண்ணீரில் போட்டு எடுத்தபோது விளிம்பில் முட்டைக்கோது போல மெல்லிய தோல் கழன்றது. குத்திப் பார்க்க ஆணி தேவைப்படவில்லை, நகமே உள்ளே இறங்கியது.

ஆகவே லொறியில் இருந்து இறக்க முதலே பாருங்கள். மேல் அடுக்கில் நல்ல கல்லைத்தான் வைப்பார்கள். நடுவில் இருந்து ஐந்து கல் உருவுங்கள். ஒன்றை உடையுங்கள், விளிம்பும் நடுவும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். மற்றவற்றைக் காய்ந்தபடி நிறுத்து, 24 மணித்தியாலம் ஊறவிட்டுத் திரும்ப நிறுங்கள். கல் உறிஞ்சுகிற தண்ணீர் அதன் காய்ந்த நிறையில் 15 வீதத்துக்குள் நிற்கவேண்டும். 7 கிலோக் கல் 8 கிலோவைத் தாண்டினால் லொறியைத் திருப்பி அனுப்பலாம். இந்தக் கல்லுக்கு எஸ்எல்எஸ் 1382 என்று இலங்கைத் தரம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'தரமான கல்' என்று எழுதாமல் அந்த இலக்கத்தை எழுதுங்கள்.

மண்ணிலும் பிழை இருந்தது. குளம் தூர்வாரிய வண்டல் மலிவு, 'இயற்கையான மண்' என்று சொல்லவும் வசதி. ஆனால் அதில் உக்கிய வேரும் இலையும் கிடக்கும், அவை சீமெந்தை இறுகவிடாது. நனைத்து மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை வந்தால் அந்த மண் வேண்டாம். முருங்கன் பக்கத்துக் கரிய களி இன்னொரு சிக்கல்: நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். களி கூடிய மண்ணுக்குச் சுண்ணாம்புதான் சேரும், சீமெந்து மணல் கூடிய மண்ணுக்கு. நேரான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இருக்கும், களி படிய ஒரு நாள் போகும். சீமெந்துக் கல்லுக்கு மணலும் பருக்கையும் பாதிக்கு மேல், களி ஐந்தில் ஒரு பங்களவில் இருந்தால் நல்லது.

சோளகக் காற்றில் அரிந்த கல் என்றால் இன்னும் கவனம். முதல் வாரம் பொலித்தீனால் இறுக்க மூடி, பிறகு தண்ணீர் தெளித்து, 28 நாள் நிழலில் வைக்கவேண்டும். மூடாமல் விட்டால் ஒரே நாளில் ஈரம் பறந்துவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பலன் இல்லை. ஒவ்வொரு வரியிலும் அரிந்த திகதியைக் கரியால் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் எடுக்கவேண்டாம்.

இனி மரம். 'பழைய வீட்டு முதிரை' என்று கதவு நிலைக்கும் கூரைத் தீராந்திக்கும் விற்றார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் கூரையோடு நின்ற பழைய வீடு எத்தனை என்று யோசித்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். வந்தது காட்டில் புதிதாகத் தறித்த மரம். ஆணி அடித்துப் பிடுங்கி, கழிவு ஒயில் பூசியிருந்தார்கள். பழைய ஆணி ஓட்டையைச் சுற்றித் துருவும் மரமும் சேர்ந்து கறுத்துப்போயிருக்கும். இதில் ஓட்டையைச் சுற்றி வெளிர்மஞ்சளாகவே இருந்தது. ஒயில் மணம் பூட்டிய குளிரூட்டி அறையில் மாதக்கணக்கில் போகாது. உண்மையான பழைய மரமென்றால் மரக்காலைக்காரர் போர்க்கால எறிகணைச் சிதறல் உள்ளே இருக்குமோ என்று வாள் வைக்கவே யோசிப்பார். அந்த யோசனையும் ஒரு அத்தாட்சிதான். மரம் ஏற்றி வர எடுக்கிற வழி அனுமதிப்பத்திரத்தில் மரத்தின் இனம், துண்டு எண்ணிக்கை, வாகன இலக்கம், திகதி எல்லாம் இறக்குகிற மரத்தோடு பொருந்தவேண்டும். பிடிபட்டால் மரத்தோடு வாகனமும் போகும்.

பனஞ்சிலாகைக்கு வெட்டுமுகத்தைப் பார்த்தால் போதும்: கறுத்த நார் நெருக்கமாக இருக்கவேண்டும், வெளிறிய சோத்தி (மரத்தின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி) ஒட்டியிருந்தால் அங்கிருந்துதான் கறையான் தொடங்கும்.

காசை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். கால் பங்கையாவது ஊறல் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். நசுக்கிப் பார்க்கிற சோதனைக்கு அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே நலிந்த கல் வாங்கி மாட்டுப்பட்டவர்களுக்கு: வெளிச்சுவரில் வைத்துச் சீமெந்தால் பூசி மறைக்கலாம் என்று மேசன் சொல்லக்கூடும். செய்யவேண்டாம், முதல் மாரியிலேயே பூச்சுத் தகடு தகடாகக் கழரும். பாரம் தாங்காத உள்ளறைத் தடுப்புக்கு, கீழே மூன்று வரி சீமெந்துக்கல் வைத்து அதற்கு மேல் பாவிக்கலாம். கோப்புத் தட்டு மாட்டப்போகிற சுவர் என்றால் அதற்கும் கூடாது, ஆணி பிடிக்காது.