கட்டி தெரியாத கழுத்து: வாய்ப்புற்றுநோயில் காத்திருப்பதா, அகற்றுவதா, முதல் கணுவைச் சோதிப்பதா?

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஆறாத புண்ணாகத் தொடங்கும் வாய்ப்புற்றுநோய் பரவத் தொடங்கினால், அது முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களே. கணுவுக்குப் பரவிவிட்டால் நோயாளி பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கழுத்தில் நெறி கட்டியிருப்பது கைக்குத் தட்டுப்பட்டால் அங்கும் சிகிச்சை தேவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வாயிலுள்ள கட்டி சிறியதாக இருந்து, தொட்டுப் பார்த்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் கழுத்தில் எதுவும் தெரியாதபோதுதான் முடிவெடுப்பது கடினமாகிறது. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே கணுவில் குடியேறியிருக்கும். எஞ்சியோருக்குக் கழுத்தில் கத்தி வைக்க வேண்டிய அவசியமே இருக்காது. யார் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே பிரித்தறியும் ஸ்கேன் எதுவும் இன்றுவரை இல்லை.

இந்நிலையில் மூன்று வழிகள் உள்ளன. வாயிலுள்ள கட்டியை மட்டும் அகற்றிவிட்டு, கழுத்தில் கட்டி தோன்றினால் அப்போது அறுவை செய்வது ஒன்று. கட்டியை அகற்றும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிடுவது மற்றொன்று. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவை மட்டும் கண்டறிந்து சோதிக்கும் செண்டினல் நோட் பயாப்ஸி மூன்றாவது.

காத்திருக்கும் வழிக்கு இருந்த ஈர்ப்பைப் புரிந்துகொள்ளப் பழைய அறுவை முறையை நினைவில் கொள்ள வேண்டும். 1906-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் விவரித்த முறையிலிருந்து உருவான முழுக் கழுத்து அறுவையில், கணுக்களோடு கழுத்தின் பக்கவாட்டுத் தசையும், பெரிய சிரையும், தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பும் சேர்ந்தே போயின. தோள் சரிந்து, தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாமல் வாழ்ந்தவர்களைப் பார்த்த மருத்துவர்கள், நோய் இருக்கிறதா என்றே தெரியாத கழுத்தைத் தொடத் தயங்கியது நியாயமே. இன்று செய்யப்படும் தேர்ந்தெடுத்த அறுவை அப்படிப்பட்டதன்று. தாடைக்குக் கீழிருந்து கழுத்தின் நடுப்பகுதி வரையுள்ள மூன்று மண்டலங்களின் கணுக்கள் மட்டும் எடுக்கப்படுகின்றன. தசையும் சிரையும் நரம்பும் காப்பாற்றப்படுகின்றன. எனினும் மேல்மண்டலத்துக் கணுக்களை எடுக்க அந்த நரம்பை ஒதுக்கிப் பிடித்தே ஆக வேண்டும் என்பதால், நரம்பு அறுபடாவிட்டாலும் சிலருக்கு மாதக்கணக்கில் தோள்வலி இருக்கும். சட்டையை மாட்டுவதும் தலை வாருவதும்கூடச் சிரமமாகும். பிசியோதெரபியைத் தாமதிக்காமல் தொடங்குவது இதற்குப் பெரிதும் உதவும்.

முதல் இரண்டு வழிகளுக்கும் இடையிலான நீண்ட வாதத்துக்கு வலுவான விடை மும்பை டாடா நினைவு மையத்திலிருந்து வந்தது. மருத்துவர் அனில் டி'குரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை நடந்த ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. அதில் அலசப்பட்ட 500 நோயாளிகளில், கழுத்தையும் உடனே அறுவை செய்துகொண்டவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தனர். காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு. நோய் திரும்பாமல் இருந்தோரின் விகிதத்தில் இடைவெளி இன்னும் பெரிது: 69.5-க்கு எதிராக 45.9. எளிமையாகச் சொன்னால், எட்டுப் பேருக்கு முன்கூட்டியே கழுத்து அறுவை செய்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படுகிறது. காத்திருந்தவர்கள் கழுத்தில் கட்டியோடு திரும்பி வந்தபோது பலருக்கு நோய் முற்றியிருந்தது, புற்று கணுவின் உறையைக் கிழித்து வெளியேறியிருந்தது என்பதே காரணம். உறை கிழிந்த பிறகு அறுவை மட்டும் போதாது. கதிர்வீச்சும், பெரும்பாலும் அதோடு கீமோதெரபியும் வேண்டியிருக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த சிகிச்சை அதே சிகிச்சையாக நமக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த ஆய்வுக்கு வரம்புகளும் உண்டு. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் நாக்குப் புற்றுநோயாளிகள். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் நம் நாட்டில் அதிகம் காணப்படும் கன்னப் புற்றுநோயாளிகள் அதில் குறைவே. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது என்பதும் முக்கியம். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போன கட்டிகளில் பயன் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் குறைந்தவற்றில் அவ்வளவு உறுதியில்லை.

மூன்றாவது வழியே அறிவியல் நோக்கில் என்னை மிகவும் கவர்வது. கட்டியைச் சுற்றிச் சிறிதளவு கதிரியக்க டெக்னீசியம் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அது நிணநீரோடு பயணித்து முதல் கணுவில் தங்க, கதிர்வீச்சை உணரும் கையடக்கக் காமா கருவி அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. எடுத்த கணுவை ஆய்வகத்தில் மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, தனிச் சாயங்களிட்டுப் பார்க்கிறார்கள். வழக்கமான சோதனையில் தப்பிவிடும் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான புற்றுத்துளிகூட இதில் அகப்பட வாய்ப்புண்டு. கணு சுத்தமாக இருந்தால் கழுத்து அறுவை தேவையில்லை, அதில் புற்று இருந்தால் தேவை. 2020-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வும் 2021-இல் வெளியான ஜப்பானிய ஆய்வும், இம்முறை தேர்ந்தெடுத்த கழுத்து அறுவைக்குப் பின்தங்கியதில்லை என்று காட்டின. தோளின் இயக்கம் தொடக்க மாதங்களில் இதில் மேலாகவே இருந்தது. நாக்குக்கு அடியிலுள்ள கட்டிகளில் மட்டும் ஊசி போட்ட இடத்திலிருந்து வரும் கதிர்வீச்சு அருகிலுள்ள கணுவை மறைத்துவிடக்கூடும்.

ஆயினும் இம்முறைக்கு அணு மருத்துவப் பிரிவும், பயிற்சி பெற்ற அறுவைக் குழுவும், ஒவ்வொரு கணுவுக்கும் மணிக்கணக்கில் உழைக்கக்கூடிய நோய்க்குறியியல் ஆய்வகமும் ஒரே இடத்தில் வேண்டும். நம் மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. கணுவில் புற்று இருப்பது சில நாள் கழித்துத் தெரியவந்தால், நோயாளி இரண்டாவது முறை மயக்க மருந்துக்கு உட்பட வேண்டும். ஊர் திரும்பியவர் மறுபடி வராமற்போகும் ஆபத்தும் உண்டு.

எனவே, மூன்று வசதிகளும் கைகூடிய பெரிய மையத்தில் சிகிச்சை பெறுவோருக்கு முதல் கணுச் சோதனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்ற எல்லோருக்கும், கட்டியின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், கட்டியோடு சேர்த்தே செய்யப்படும் தேர்ந்தெடுத்த கழுத்து அறுவையே சரியென்று கருதுகிறேன். காத்திருப்பது மிக மேலோட்டமான கட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதுவும், முதல் இரண்டாண்டுகளில் சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்து கழுத்தைக் காட்டிச் செல்லக்கூடியவராக நோயாளி இருந்தால் மட்டுமே.