முதல் பல்டி: தண்ணீரிலா, ஏர்பேக்கிலா?

ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் தலைகீழாகச் சுழலும் முதல் வித்தையை எங்கே பழகுவது என்று கேட்டால், இன்று பலரும் யோசிக்காமல் ஏர்பேக்கைக் கை காட்டுவார்கள். காற்றடைத்த பெரிய பை, விழுந்தால் வலிக்காது, பிறகென்ன? வலிக்காது என்பதுதான் அதன் கோளாறு, குளத்துத் தண்ணீரில் விழுந்து பழகுவதே மேல் என்பது என் கட்சி.

அதற்கு முன் எந்தப் பல்டி என்பதை முடித்துக்கொள்வோம். பின்பல்டிதான், இதில் இரண்டாம் பேச்சில்லை. கிக்கர் என்கிற தாவுமேடு முனையில் மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவில் ஏறும்போதே கால்கள் முன்னால் உயர்ந்து, உடம்பு பின்பக்கமாகச் சுழலத் தொடங்கிவிடுகிறது. காற்றில் பல்டியடித்துக் காட்டும் ஒலிம்பிக் போட்டியான ஏரியல்ஸில் பின்பல்டியே ஆட்சி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மூன்று பல்டிக்கான கிக்கர் 70 பாகை அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். பின்பல்டியில் இன்னொரு வசதி, இரண்டாம் பாதியில் இறங்குமிடம் கண்ணில் பட்டுவிடும்.

முன்பல்டியில் கிக்கர் கொடுக்கும் சுழற்சியை எதிர்த்துச் சுற்ற வேண்டும், தரையும் கடைசிவரை தெரியாது. 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வேக்காரர் ஸ்டைன் எரிக்சன் அமெரிக்க ரிசார்ட்டுகளில் கையை விரித்து முன்பல்டி அடித்தே கூட்டம் சேர்த்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், அப்பா 1912 ஒலிம்பிக்கிலேயே ஜிம்னாஸ்ட். நமக்கு அந்த உதாரணம் உதவாது.

மூன்றாவதாக, அச்சைச் சாய்த்துச் சுழலும் கார்க். 360, 540 பாகை பக்கவாட்டில் சுழல்வதெல்லாம் கைவந்தவர்களுக்கு இது பின்பல்டியைவிட இயல்பாக வரலாம். தலை காலுக்குக் கீழே போகிறதா இல்லையா என்ற எல்லைக்கோட்டிலேயே இது விளையாடும். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், பனிமேடுகள் நிறைந்த சரிவில் இறங்கும் மோகல்ஸ் போட்டியில் தலைகீழ் வித்தைகளுக்கு அனுமதி இல்லாதபோது அமெரிக்க வீரர் ஜானி மோஸ்லி படுக்கைவசமாகச் சுழலும் ‘டின்னர் ரோல்’ அடித்து நான்காம் இடம் பிடித்தது இந்த இடுக்கில் புகுந்துதான். புதியவருக்கு இதில் ஆபத்து, பாதியில் தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

இப்போது தண்ணீரும் பையும். துள்ளிக் குதிக்கும் வலையான டிராம்போலினை நான் போட்டியில் சேர்க்கவில்லை, அது இரண்டுக்கும் முந்தைய வகுப்பு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டிராம்போலினில் நீங்கள் நேராக மேலே எழும்புகிறீர்கள், சுழற்சி முழுவதையும் நீங்களே உண்டாக்க வேண்டும். அதே வேகத்தோடு கிக்கரில் தலையைப் பின்னால் எறிந்தால் உயரம் போய்விடும், சுழற்சி மிதமிஞ்சிப் போய் முதுகில் விழுவீர்கள். கிக்கர் முனையில் செய்ய வேண்டியது, கைகளை உயர்த்தி நன்றாக நிமிர்ந்து நிற்பது. மீதி தானாக வரும்.

இந்தப் பாடத்தைத் தண்ணீர் ஒரே தாவலில் சொல்லிக்கொடுக்கும். வாட்டர் ராம்ப் என்பது பிளாஸ்டிக் விரிப்பு போட்டு நீர் தெளித்து வழுக்கலாக்கிய சரிவு, முடிவில் கிக்கர், அதற்கப்பால் ஆழமான குளம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில் உள்ள ஒலிம்பிக் பார்க்கில் குளத்தின் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். இறங்கும் நேரத்தில் நீர்ப்பரப்பு நுரைத்து இளகியிருக்கும். சூரிச் பக்கத்து மெட்மென்ஸ்டெட்டனிலும் இப்படி ஒரு தளம் இருக்கிறது. குமிழி இருந்தாலும் தப்பாக விழுந்தால் சுளீரென்று அறையும். குறைவாகச் சுற்றினால் முகத்தில், அதிகமாகச் சுற்றினால் முதுகில். எங்கே எரிகிறதோ அங்கே விடை இருக்கிறது, வீடியோகூட வேண்டாம்.

தண்ணீரின் தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. மிதவை ஜாக்கெட்டோடு நீந்திக் கரையேறி, ஸ்கீயைத் தோளில் போட்டு, அடிக்கொரு தரம் பூட்ஸிலிருந்து தண்ணீர் பீய்ச்ச அத்தனை படியும் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தாவல்கள் கொஞ்சம்தான். நல்ல ஸ்கீயைக் கொண்டுபோனால் விளிம்பு துருப்பிடித்துவிடும், பழையதைத்தான் பலி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீரில் இறங்கியபின் சறுக்கிப் போக முடியாது. காலில் இறங்கினோமா என்பது தெரியும், அதன் பிறகு நின்றிருப்போமா என்பது தெரியாது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தருவது ஏர்பேக்கில் ஒரு வகை மட்டுமே, பனிச்சரிவைப் போலவே சாய்வாக அமைத்த பை. அதில் ஸ்கீயில் இறங்கி அப்படியே சறுக்கி வெளியே வரலாம், எடை பின்னால் போயிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தட்டையான பை அப்படியல்ல. ஒன்றேகால் சுற்றில் மல்லாந்து விழுந்தாலும் மெத்தென்று ஏந்திக்கொள்ளும். நண்பர்கள் கைதட்டுவார்கள். பத்துத் தடவை அப்படி விழுந்தால் மல்லாந்து விழுவதே பழக்கமாகிவிடும். ஸ்கீயின் முனை பைக்குள் குத்திக்கொண்டால் முழங்கால் திருகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. குளிர்காலத்திலேயே, நிஜப் பனியில், நிஜ கிக்கருக்குப் பின்னால் அதை விரிக்கலாம். நனையாததால் தாவல்களும் அதிகம் கிடைக்கும். பயத்தை உடைப்பதற்கு இதைவிட நல்லது கிடையாது. தலைகீழாகத் தொங்கும் அந்த நொடியில் உடம்பு விறைத்துப் போகிறவர்கள் தாராளமாகப் பையில் தொடங்கட்டும். மற்றவர்களுக்கு என் வரிசை: டிராம்போலின், தண்ணீர், சாய்வுப் பை, பனி. சாய்வுப் பை கிடைக்காவிட்டால் தண்ணீரிலிருந்து நேரே பனிக்குப் போவேன், தட்டைப் பைக்குப் பணம் கட்ட மாட்டேன்.

பயிற்சியாளர் தலையசைக்காமல் பனிக்குப் போக வேண்டாம். 1970களில் வழக்குக்கும் காப்பீட்டுக்கும் பயந்து அமெரிக்க ரிசார்ட்டுகள் பல பல்டிக்கே தடை போட்டன. காரணம் இல்லாமல் இல்லை.

பனியில் முதல் நாளுக்கு வசந்தகாலத்து இளகிய பனிதான் சரி. இறங்கும் சரிவை மண்வெட்டியால் கொத்திக் கிளறி வைப்பார்கள், ஒலிம்பிக்கிலும் அதே வேலைதான். பல்டி இல்லாமல் நேராகச் சில தடவை தாவி, எந்த இடத்திலிருந்து புறப்பட்டால் சரியான வேகம் வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பனி இறுகத் தொடங்கினால் அந்த அடையாளம் செல்லாது. அதே இடத்திலிருந்து புறப்பட்டாலும் வேகம் கூடி, சரிவைத் தாண்டித் தட்டையான தரையில் போய் இறங்குவீர்கள்.