'சேதன' மண், ஊசி மீட்டர், ஊதா லைட்: மூன்றையும் ஒரே ஆளிடம் வாங்கி ஏமாந்த கதை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் பல்கனி என்று இருப்பது உடுப்புக் காயப்போடும் கம்பியும் அதற்குக் கீழே ஒன்றரை அடி இடமும்தான். எதிரே இன்னொரு கட்டடம், வெயில் எட்டியும் பார்க்காது. அதனால் அறைக்குள்ளேயே கறிவேப்பிலையும் வல்லாரையும் ரெண்டு மிளகாயும் வைக்கலாம் என்று இறங்கி, பேஸ்புக்கில் விளம்பரம் போட்ட ஒருவரிடம் 'செட்' வாங்கினேன். தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) கலந்த சேதன, அதாவது இரசாயனம் சேராத இயற்கை மண், மண்ணில் குத்திப் பார்க்கிற பி.எச். மீட்டர் (பி.எச். என்பது மண் புளிப்பா காரமா என்று சொல்லும் எண், ஏழுக்குக் கீழே புளிப்பு, அதாவது அமிலம்), 80 வாட் ஊதா லைட், எல்லாம் சேர்த்து 14,500 ரூபா. 2021 மே மாதம் இலங்கையில் வந்த இரசாயனப் பசளைத் தடை நவம்பரோடு போய்விட்டது, சேதனம் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற வியாபாரம் மட்டும் போகவில்லை.

மீட்டரைக் குத்தினேன், ஊசி ஐந்தரைக்குக் கீழே நின்றது. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "அக்கா, மண் புளிச்சுப் போச்சு, நம்மட்ட சேதன டொலமைட் இருக்கு, சாடிக்கு ரெண்டு கரண்டி போடுங்க" என்றார். போட்டேன். பத்து நாள் கழித்தும் ஊசி அதே இடம். "இன்னும் ரெண்டு கரண்டி." அதையும் போட்டேன், புத்தி எங்கே போனதோ தெரியாது.

இதில் இன்னொரு கூத்து, ஊதா வெளிச்சத்துக்குக் கீழே எது பச்சை எது மஞ்சள் என்று கண்ணுக்குப் பிடிபடாது, எல்லா இலையும் ஒரே கருஞ்சிவப்பாகத் தெரியும். ஒருநாள் கரண்ட் போனபோது சாடியை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். கறிவேப்பிலைக் குருத்து முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது. பி.எச். ஏழுக்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது, அப்போது இளம் இலைதான் முதலில் இப்படி வெளிறும். அதாவது என் மண் புளிக்கவில்லை, நேர்மாறு.

பிறகுதான் மீட்டரைச் சோதித்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்தேன், ஊசி அசையவேயில்லை. அதே தண்ணீரில் ஒரு கரண்டி கறியுப்பு போட்டுக் கலக்கினேன், ஊசி சர்ரென்று அமிலப் பக்கம் போனது. உப்பு அமிலமும் இல்லை காரமும் இல்லை! விஷயம் என்னவென்றால் அதற்குப் பற்றரியே கிடையாது, ரெண்டு கம்பியும் ரெண்டு வேறு உலோகம், ஈரத்தில் பட்டதும் கொஞ்சம் மின்சாரம் ஓடும், ஊசியை ஆட்டுவது அதுதான். உப்பு கூடினால் மின்சாரம் கூடும். கழுவாத தும்புத்தூளில் உப்பு நிறையவே இருக்கும், சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. அந்த உப்பைக் காட்டித்தான் எனக்கு டொலமைட் விற்றிருக்கிறார். டொலமைட் என்பது மாத்தளைப் பக்கமெல்லாம் தோண்டுகிற கல்லை அரைத்த தூள், தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடுவது. அதில் 'சேதன' என்று தனி ரகம் எதுவும் இல்லை, பைக்கற்றில் விலைதான் தனி ரகம்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரை மணித்தியாலம் வைத்து, மேலே தெளிந்த நீரில் பி.எச். தாளைத் தோய்த்துப் பாருங்கள். எனக்கு எட்டு காட்டியது. இந்தச் செடிகளுக்கு ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் இருந்தால் போதும். கந்தகம் போட்டு இறக்கலாம், ஆனால் மண்ணில் உள்ள பக்டீரியா அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும். நான் மண்ணையே கொட்டிவிட்டு, வேறு தும்புத்தூள் வாங்கி நாலு தண்ணீரில் அலசி, கொம்போஸ்ட் கலந்து மாற்றி நட்டேன். ஒரு மிளகாய் பிழைக்கவில்லை.

லைட்டா? மச்சானிடம் பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் இருந்தது. பெட்டியில் 80, மீட்டரில் 9. ஊதா நிறம் பொய்யில்லை, சிவப்பும் நீலமும் செடிக்கு வேண்டியதுதான், ஆனால் ஒன்பது வாட்டை அவர் சொன்னபடி மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டால் இலைக்கு என்ன வந்து சேரும்? சின்ன விளக்கில் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. இப்போது சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. டியூப் இரண்டை ஓரடி உயரத்தில் கட்டி, 14 மணித்தியாலம் போடுகிறேன்.

காசைத் திருப்பிக் கேட்டதும் ஆள் பிளாக் பண்ணிவிட்டார். பில் கேட்டு வாங்காதது என் பிழை. கேட்டால் தந்தே ஆக வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சபையிடம் முறையிடத் தொலைபேசி இலக்கம் 1977; மண், பசளை பற்றி விவசாயத் திணைக்களத்திடம் கேட்க 1920. இந்த இரண்டு இலக்கங்களையும் செட்டை வாங்கி ஏமாந்த பிறகுதான் நான் தேடினேன்.

நேற்றும் அதே விளம்பரம் வேறு பெயரில் வந்தது, தங்கச்சியின் போனில். ஊதா லைட்டுக்குக் கீழே பச்சைப் பசேலென்று ஒரு கறிவேப்பிலைச் செடி. அந்த வெளிச்சத்தில் எந்த இலை அப்படிப் பச்சையாகத் தெரியும்?