மொட்டைமாடியில் பங்க் ரெக்கார்டிங்: சேர்ந்து வாசிப்பதா, அடுக்குவதா?

பங்க் ராக் (வேகமான, முரட்டு ராக் இசை) பேண்டை வீட்டில் பதிவு செய்ய மூன்று வழி உண்டு. எல்லோரும் சேர்ந்து வாசிப்பதை இரண்டு மைக்கில் பிடிக்கலாம். சேர்ந்தே வாசித்து நான்கு தனி டிராக்கில், அதாவது தனித்தனி ஒலிப்பதிவாக, பிடிக்கலாம். அல்லது கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) போட்டு ஒவ்வொருவராக வாசித்து அடுக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கிடைக்கும் அறைகளுக்கு எங்கள் தேர்வு இரண்டாவது.

மைக்குக்கு முன்னால் அறையைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடி கான்கிரீட் அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்றால் அதுதான் மோசமான அளவு. பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் சுமார் 57 ஹெர்ட்ஸில் முழங்கும். மூன்று திசையும் ஒரே அளவு என்பதால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியைத் தட்டும்போது மட்டும் அறை குமுறுவது இதனால்தான். பேஸ் ஆம்பை மூலையிலிருந்து இழுத்து வைத்தால் பாதி அடங்கும். இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி நிறுத்தினால் சிம்பலின் கூச்சல் குறையும், அடிமுழக்கம் அவ்வளவாகக் குறையாது. கோரைப்பாயும் முட்டை அட்டையும் வீண் வேலை. வைக்கோல் கட்டு நன்றாகவே உறிஞ்சும். ஆனால் ஆம்பும் ஒயரும் சூடேறும் அறைக்குள் அதை அடுக்கவே கூடாது.

பழைய ஓட்டு வீட்டுக் கூடம் கிடைத்தால் விடாதீர்கள். சாய்ந்த கூரையில் ஒலி நேருக்கு நேர் மோதித் திரும்பாது, பேஸும் ஓட்டிடுக்கு வழியே வெளியேறிவிடும். வெளியேறுவது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக்கடியில் பதிவு எடுக்க முடியாது.

இரண்டு மைக் வழி மலிவு. ஒரு நூலின் முனையை ஸ்னேரின் (டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) நடுவில் பிடித்து, மறுமுனை எட்டும் தூரத்தில் இரண்டு மைக்கையும் வையுங்கள். அரையடி வித்தியாசம் வந்தாலே, மோனோவில் (இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேட்கும்போது 1,100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்து ஸ்னேர் சப்பையாகிவிடும். பேலன்ஸ் முழுக்க ஆட்களையும் ஆம்பையும் நகர்த்தித்தான் வரும். கிட்டார் கூடிவிட்டால் பிறகு குறைக்க வழியில்லை. டெமோவுக்குப் போதும், வெளியிட வேண்டாம்.

நான்கு டிராக் வழிக்கு நான்கு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ள இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி, வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். உற்சாகத்தில் டிரம்மர் சவுண்ட் செக்கைவிட ஓங்கித்தான் அடிப்பார். ஒரு மைக் கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்). ஒன்று ஸ்னேருக்கு மேலே இரண்டு குச்சி நீளத்தில், அதாவது 32 அங்குலத்தில், டிரம்மரின் வலது தோள் பக்கம். ஒரு எஸ்எம்57 மைக் கிட்டார் ஆம்பின் வலையிலிருந்து ஓரங்குலம் தள்ளி, ஸ்பீக்கர் கோனின் நடுவில் இல்லாமல் ஓரமாக. பேஸ் கிட்டார், மைக் இல்லாமல் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேரே உள்ளே. கிக் டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) ஒருமுறை திருப்பிக் கேளுங்கள், எதில் அடி கனமாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் டிரம்ஸ் மைக்கில் கிட்டாரும் கலக்கும். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், சேர்த்துக் கேட்டால் அதுதான் பேண்டை ஒரே அறையில் நிறுத்துகிறது. நாகசுரத்தையும் தவிலையும் தனித்தனியே பிடித்து ஒட்டினால் எது போய்விடுமோ, அதுவேதான் இங்கேயும் போய்விடும். விலை ஒன்றுதான்: கிட்டார்காரர் ஒரு கார்டு தவறவிட்டால் அவர் பகுதியை மட்டும் மாற்ற முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். பாட்டு இரண்டு நிமிடம்தானே, வாசிக்கலாம். பாடகர் பக்கத்து அறையிலிருந்து வழிகாட்டக் குரல் கொடுக்கட்டும், உண்மையான குரலைப் பிறகு தனியே எடுங்கள்.

அடுக்கும் வழி சுத்தம். இரண்டு இன்புட் போதும், பிழையைத் துண்டாகத் திருத்தலாம். உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 தட்டு) பாட்டில் கோரஸுக்குள் எல்லோரும் கொஞ்சம் முந்திக்கொண்டு பாயும் வேகம் கிளிக்கில் செத்துப்போகும். அந்த வெறுமையை மறைக்க நாலைந்து கிட்டார் அடுக்கத் தோன்றும், அது பாட்டை இன்னும் மந்தமாக்கும். கிளிக் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, கடைசி சிம்பல் அடங்கும்போது துல்லியமாகக் கேட்கும். காதை மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள், கடைசி பாரில் (தாளச் சுற்றில்) கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

எந்த வழியானாலும் கரண்ட் ஒன்றுதான். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் எல்லா ஆம்பையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்து, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் பின்னை மட்டும் பிடுங்காதீர்கள், உயிர் போகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கிட்டார் ஆம்ப் கத்தும்; கரண்ட் போனால் காத்திருப்பதே மேல். கன்டென்சர் மைக்கை (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) ஈரக்காற்றில் விட்டால் பொரிவது போல வெடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். மார்கழியில் விடிகாலையும் மாலையும் கோயில் ஒலிபெருக்கிக்கு உரியவை. குரல் எடுக்கப் பகல் பதினொன்றுக்கு மேல் உட்காருங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு.