கன்டென்ட் மேனேஜர்: அசெட்டோ கோர்சா லேப் ரெக்கார்டுகளை நம்பி ஒப்படைக்கலாமா?

அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸிங் கேம் 2014 டிசம்பரில் முழுப் பதிப்பாக வெளிவந்தது. ஹாட்லேப், அதாவது தனியாக ஓட்டி ஒரே லேப்பில் சிறந்த நேரம் எடுக்கப் பார்ப்பது, அதை ஓட்டுபவர்கள் இன்னும் இந்த கேமை விடவில்லை. ஆனால் ஓட்டிய நேரங்களைச் சேமித்து வைக்கும் விஷயத்தில் கேம் ரொம்பக் கஞ்சம். ஒரு கார், ஒரு டிராக் என்றால் ஒரே ஒரு நேரம்தான் மிஞ்சும். எந்த டயரில் ஓட்டினோம், ரோடு சூடு எவ்வளவு, அது தனியாக ஓட்டிய லேப்பா ரேஸில் முன்னால் போன காரின் காற்றிழுப்பில் கிடைத்ததா, எதுவுமே இருக்காது. அந்தக் குறையை, கேமின் லாஞ்சருக்குப் பதிலாகப் பயன்படும் எக்ஸ்4ஃபேப் உருவாக்கிய கன்டென்ட் மேனேஜர் என்ற மென்பொருள் எந்த அளவுக்கு நிரப்புகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். மாட் (மற்றவர்கள் உருவாக்கிய கூடுதல் கார், டிராக்) நிறுவுவது, ஆன்லைன் சர்வர் தேடுவது போன்ற அதன் மற்ற வேலைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

முதலில் கேம் தானாக எழுதும் ஃபைலைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்குமெண்ட்ஸில் அசெட்டோ கோர்சா ஃபோல்டருக்குள் பெர்சனல்பெஸ்ட் என்று ஒரு ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால், சதுர அடைப்புக்குள் கேஎஸ்_ஃபெராரி_488_ஜிடி3@மோன்சா என்பது போல ஒரு தலைப்பு வரி. அதன் கீழே இரண்டே வரிகள்: டேட், டைம். டைம் மில்லிசெகண்டில் இருக்கும், 107312 என்றால் 1:47.312. டேட் என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்ட். எக்செலில் போடும்போது டைமை 86400000 ஆல் வகுத்து, செல் ஃபார்மட்டை நிமிடம், வினாடி, மூன்று தசம இடம் என்று வைத்தால் போதும். டேட்டையும் அதே எண்ணால் வகுத்து 25569 கூட்டினால் தேதி கிடைக்கும். அது கிரீன்விச் நேரம். இந்திய, இலங்கை நேரம் வேண்டுமென்றால் இன்னும் 5.5/24 கூட்ட வேண்டும். சரிபார்க்க ஒரு எண்: 1700000000000 என்று போட்டால் 2023 நவம்பர் 15, அதிகாலை 3:43:20 வர வேண்டும். முந்தைய நாள் இரவு 10:13 காட்டினால் அந்த ஐந்தரை மணி நேரம் விட்டுப்போயிருக்கிறது.

பல லே-அவுட் (ஒரே டிராக்கின் வெவ்வேறு பாதை வடிவங்கள்) உள்ள டிராக்குகளில் டிராக் பெயருக்குப் பின் ஒரு ஹைஃபன் போட்டு லே-அவுட் பெயர் ஒட்டியிருக்கும். தானாகப் பிரித்தெடுக்க ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கேமோடு வரும் ட்ரென்டோ-பொண்டோனே மலையேற்றப் பாதையின் ஐடியிலேயே ஹைஃபன் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஹைஃபனில் வெட்டினால் ட்ரென்டோ என்ற இல்லாத டிராக்கும் பொண்டோனே என்ற இல்லாத லே-அவுட்டும் உருவாகும். கன்டென்ட், ட்ராக்ஸ் ஃபோல்டரில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பிரிப்பதுதான் சரியான வழி.

கன்டென்ட் மேனேஜரில் லேப் டைம்களுக்கென்றே ஒரு அட்டவணை உண்டு. பெர்சனல்பெஸ்ட்டில் உள்ளவற்றோடு, தான் சேமித்த செஷன்களில் இருந்தும், கேமுக்குள் இயங்கும் சைட்கிக் ஆப் வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்தும் நேரங்களைத் திரட்டி ஒரே இடத்தில் காட்டும். கார் ஐடியை மனப்பாடம் செய்ய வேண்டாம், முழுப் பெயரோடு வரும். இந்தக் காரில் இந்த டிராக்கில் என் நேரம் என்ன என்ற கேள்விக்கு இது போதும். ஆனால் இதற்காக மட்டும் இந்த மென்பொருளைப் பாராட்ட மாட்டேன். நோட்பேடில் தெரிவதை அழகாக்கிக் காட்டுவதோடு அட்டவணை நின்றுவிடுகிறது. நேரத்துக்குப் பக்கத்தில் டயரும் இல்லை, வெப்பநிலையும் இல்லை.

உண்மையான மதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செஷனும் முடிந்ததும் கேம், அதே டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரின் அவுட் என்ற உள்ஃபோல்டரில், ரேஸ்_அவுட் என்று ஒரு ஜேசன் ஃபைல் எழுதும். அடுத்த செஷன் முடிந்ததும் அதன் மேலேயே மறுபடி எழுதிவிடும், பழையது போய்விடும். கன்டென்ட் மேனேஜர் அதை அழியவிடாமல் பிரதி எடுத்து, ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில் ஏசிடூல்ஸ் கன்டென்ட் மேனேஜர் ஃபோல்டருக்குள், ப்ராக்ரஸ், செஷன்ஸ் என்ற இடத்தில் தேதியும் நேரமும் பெயராக வைத்துச் சேமிக்கிறது. சேமிக்கும்போது அந்த செஷனை எந்த அமைப்பில் தொடங்கினோம் என்ற முழு விவரத்தையும் ரேஸ்ஐனி என்ற பகுதியாக உள்ளேயே சேர்த்துவிடுகிறது. காற்று வெப்பம், ரோடு வெப்பம், வானிலை, டிராக் கிரிப் (ரோட்டின் பிடிப்பு) எல்லாம் அதில் இருக்கும். லேப் நேரம் ஒரு ரெக்கார்டாக மதிப்பு பெறுவது இந்த விவரங்களோடு சேர்ந்திருக்கும்போதுதான்.

ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தால் அமைப்பு எளிது. ப்ளேயர்ஸ் பட்டியலில் முதலில் இருப்பது நீங்கள், அதாவது கார் எண் 0. செஷன்ஸ் பகுதியில் டைப் 1 என்றால் ப்ராக்டிஸ், 2 குவாலிஃபையிங், 3 ரேஸ், 4 ஹாட்லேப். அதற்குள் லேப்ஸ் பட்டியல். ஒவ்வொரு லேப்புக்கும் லேப் எண், கார் எண், செக்டர் (லேப்பின் பகுதிகள்) நேரங்கள், மொத்த நேரம், கட்ஸ் (டிராக் எல்லையைத் தாண்டிக் குறுக்கே போனது) எண்ணிக்கை, டயரின் சுருக்கப் பெயர். கட்ஸ் 0 இல்லாத லேப்பை ரெக்கார்டில் சேர்க்கக் கூடாது. ப்ராக்டிஸில் பிட்டிலிருந்து கிளம்பும் முதல் லேப்பையும், ரேஸில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் லேப்பையும் தள்ளிவிடுங்கள். செக்டர்களைக் கூட்டிப் பார்த்து மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதும் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் மாட் டிராக்கின் டைமிங் கேட் சரியாக வைக்கப்படாததே காரணமாக இருக்கும். டிராக் மாடலில் ஏசி_டைம் என்று தொடங்கும் இடது, வலது ஜோடிப் புள்ளிகள்தான் செக்டரைப் பிரிக்கின்றன. அவை இல்லாத டிராக்கில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு நேரமும் பதிவாகாது. அதே மாதிரி ஏசி_ஹாட்லேப்_ஸ்டார்ட் புள்ளி இல்லாத டிராக்கில் ஹாட்லேப் முறையே ஒழுங்காகத் தொடங்காது. இதற்கெல்லாம் கன்டென்ட் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது.

டைப் எண்ணைப் பார்த்துப் பிரிப்பது ஏன் முக்கியம்? மோன்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர்பாதைகளில் முன் காரின் பின்னால் ஒட்டிப் போனால் ரேஸில் தனி ஹாட்லேப்பைவிட வேகமான நேரம் எளிதில் வரும். பெர்சனல்பெஸ்ட் அதை அப்படியே ரெக்கார்டாக எழுதிவிடும். அதன் பிறகு ஹாட்லேப்பில் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் பெஸ்ட்டைத் தாண்டவில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். செஷன் ஃபைல்களில் டைப் 4 மட்டும் வடிகட்டினால் உண்மையான முன்னேற்றம் தெரியும். மழை இன்னும் தெளிவான உதாரணம். மழையைச் சேர்க்கும் கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற மாடைப் போட்டு ஈரத்தில் ஓட்டுபவரின் சிறந்த மழை லேப் பெர்சனல்பெஸ்ட்டில் நிலைக்க வழியே இல்லை. காய்ந்த ரோட்டில் ஓட்டிய நேரம் எப்போதும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த நேரம் மிஞ்சுவது செஷன் ஃபைலில் மட்டும்தான்.

கிரிப் விஷயத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்டிமம் என்றால் 100 சதவீதம், ஃபாஸ்ட் 98, கிரீன் 95. கிரீனில் தொடங்கினால் லேப் ஓட ஓட கிரிப் ஏறும். ஃபைலில் பதிவாவது தொடங்கிய அமைப்பு, ஒவ்வொரு லேப்பிலும் இருந்த கிரிப் அல்ல. பன்னிரண்டாவது லேப்பில் பெஸ்ட் வந்தால் அப்போது கிரிப் எவ்வளவு என்று பின்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. ரெக்கார்டுக்கு ஓட்டும்போது எப்போதும் ஆப்டிமம், வெப்பநிலையும் ஒரே அளவு, உதாரணமாக காற்று 24 டிகிரி. வானிலையை ரேண்டமில் விடாதீர்கள்.

செட்டப், அதாவது காரில் செய்த சரிசெய்தல்கள், எது என்பது மட்டும் இந்த ஃபைல்களில் இருக்காது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. செட்டப்கள் டாக்குமெண்ட்ஸில் கார் பெயர், டிராக் பெயர் ஃபோல்டர்களுக்குள் தனித்தனி ஐஎன்ஐ ஃபைல்களாக இருப்பதால், நல்ல நேரம் வந்த உடனே பிட்டுக்குப் போய் செட்டப்பை அந்த நேரத்தையே பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள்: 147312_24 என்று வைத்தால் 1:47.312, 24 டிகிரி என்று ஆறு மாதம் கழித்தும் புரியும்.

நூற்றுக்கணக்கில் சேர்ந்த செஷன் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். எக்செலில் டேட்டா மெனுவில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் என்று போய் செஷன்ஸ் ஃபோல்டரைக் காட்டினால் பவர் க்வெரி எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கும். ஜேசனாகப் பிரித்து, செஷன்ஸை விரித்து, பிறகு லேப்ஸை விரித்து, கார் 0, கட்ஸ் 0 என்று வடிகட்டி, ரேஸ்ஐனியிலிருந்து வெப்பத்தையும் பிரித்தெடுத்தால் கார், டிராக், டயர், வெப்பம், நேரம் எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து நிற்கும். ஒருமுறை அமைத்தால் போதும், அடுத்த முறை ரிஃப்ரெஷ் அழுத்தினால் புதிய செஷன்கள் தானே சேரும். ஒவ்வொரு செக்டரிலும் குறைந்த நேரத்தை எடுத்துக் கூட்டினால் எட்டக்கூடிய நேரமும் கிடைக்கும். டயர் ஒன்றாக இருக்கும் லேப்களை மட்டும் இதற்கு எடுக்க வேண்டும். ஸ்ட்ரீட் டயர் செக்டரையும் செமி ஸ்லிக் செக்டரையும் கலந்தால் யாராலும் எட்ட முடியாத ஒரு எண்தான் வரும்.

நேரங்கள் பதிவாகவில்லை என்ற புகார் அடிக்கடி வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது, கேமை எதிலிருந்து தொடங்கினீர்கள் என்பது. கேமின் பழைய லாஞ்சரில் இருந்து தொடங்கிய செஷனை கன்டென்ட் மேனேஜர் பிரதி எடுக்காது. கேம் இடையில் செயலிழந்து மூடினாலும் ரேஸ்_அவுட் எழுதப்படாது. அதனால் ஆல்ட் எஃப்4 போடாமல் எஸ்கேப் மெனு வழியாகவே வெளியேறுங்கள்.

பெர்சனல்பெஸ்ட்டே மாறவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் தடுத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன் பகுதியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்கினால் டாக்குமெண்ட்ஸில் எழுதவே விடாது. அனுமதிப் பட்டியலில் ஏசிஎஸ் என்ற எக்சி ஃபைலைச் சேருங்கள், கன்டென்ட் மேனேஜரையும் சேருங்கள். அசெட்டோகோர்சா என்ற எக்சியை மட்டும் சேர்த்துவிட்டு இன்னும் வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு. அது லாஞ்சர் மட்டும், ஓட்டும்போது இயங்குவது ஏசிஎஸ்தான்.

ஒன்டிரைவ் இன்னொரு தலைவலி. டாக்குமெண்ட்ஸ் பேக்கப்பை இயக்கிய நாளில் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். பழைய இடத்தில் இன்னொரு அசெட்டோ கோர்சா ஃபோல்டர் அப்படியே கிடந்தால், அதைப் பார்த்து ரெக்கார்டு போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. இரண்டு கணினிகளில் ஓட்டுபவர்களுக்கு சிங்க் மோதலில் கணினிப் பெயர் ஒட்டிய இரண்டாவது பெர்சனல்பெஸ்ட் ஃபைல் உருவாகும். கேமை மூடிவிட்டு இரண்டையும் திறந்து, ஒரே தலைப்பு இரண்டிலும் இருந்தால் டைம் குறைவாக உள்ள பகுதியை மட்டும் வைத்து இணைக்க வேண்டும். கேம் ஓடும்போது திருத்தினால் நீங்கள் மாற்றியதன் மேல் அது எழுதிவிடலாம்.

மாட் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காரின் ஐடி என்பது கன்டென்ட், கார்ஸ் ஃபோல்டரில் அதன் ஃபோல்டர் பெயர்தான். டயர் மாதிரியை மாற்றிய புதிய பதிப்பை அதே ஃபோல்டரில் போட்டால், பழைய ஃபிசிக்ஸில் வந்த நேரம் புதிய காரின் ரெக்கார்டாகத் தொடரும். புதிய பதிப்பு மெதுவானது என்றால் அதை முறியடிக்கவே முடியாது. அப்டேட் போடும் முன் அந்தப் பகுதியை பெர்சனல்பெஸ்ட்டிலிருந்து வெட்டி ஒரு தனி டெக்ஸ்ட் ஃபைலில் பதிப்பு எண்ணோடு வைத்துவிடுங்கள். செஷன் ஃபைல்களைத் தேதியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

விலையைப் பொறுத்தவரை லைட் பதிப்பு இலவசம், நன்கொடை கொடுத்தால் முழுப் பதிப்புக்கான கீ கிடைக்கும். லேப் ரெக்கார்டு மட்டுமே நோக்கம் என்றால் இலவசப் பதிப்பிலேயே தொடங்குங்கள். சோர்ஸ் கோடும் பொதுவில் இருப்பதால், எந்த ஃபைலை எப்படிப் படிக்கிறது என்று சந்தேகம் வந்தால் நேரே போய்ப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு அமைப்பை மட்டும் மறக்காமல் பாருங்கள். எத்தனை செஷன் ரிசல்ட்களை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு செட்டிங்ஸில் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பழையவை நீங்கும். வரம்பைப் பெரிதாக்கிவிட்டு, செஷன்ஸ் ஃபோல்டரையும் பெர்சனல்பெஸ்ட்டையும் செட்டப்ஸ் ஃபோல்டரையும் மாதம் ஒருமுறை ஜிப் செய்து வேறு டிரைவில் போடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவும்போது டாக்குமெண்ட்ஸை மட்டும் எடுத்து வைப்பவர்கள் செஷன் ஃபைல்களை மொத்தமாக இழக்கிறார்கள், ஏனென்றால் அவை இருப்பது ஆப்டேட்டாவில்.